நாலாவது பலகை

மிக்ஸிக்காகத்தான் இவ்வளவும்.
சமைப்பது பூவலிங்கம்.
சட்னி வெண்ணெய் போல் வராவிட்டால்
அன்று முழுக்கப் பேசமாட்டார்.
மூன்று நிமிடம் ஓடினால் போதும் என்பார்.
இரண்டாவது நிமிடத்தில்
இன்வெர்ட்டர் கீச்சிட்டு
வண்டி முழுக்க இருட்டிவிடும்.
பாதி அரைந்த தேங்காயோடு
தோணித்துறைக் கரையில்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்போம்.

இருந்தவை இரண்டு, நூறு நூறு வாட்.
வாங்கியவை இரண்டு, நூற்றறுபது.
கிளட்ச் போய் வண்டி கிடந்ததால்
ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில்,
பழைய போர்வையில் சுற்றி.
"கண்ணாடியாக்கா?" என்றார் கண்டக்டர்.
வெயில் பிடிக்கிற வலை என்றேன்.
சிரிக்கவில்லை.
லக்கேஜ் என்று இரண்டு டிக்கெட் கிழித்தார்.

ஏணியைப் பிடிப்பது அவர் வேலை.
ஏறுவது என் வேலை.
பாம்பன் பாலத்தில் ஓட்டும்போதும்
இடப்பக்கம் பார்க்காத மனிதர் அவர்.

சாக்பீஸால் கோடு போட்டேன்.
காற்றுப்போக்கியின் நிழல் நாலு மணிக்கு
இதுவரை வரும்.
தண்ணீர்த்தொட்டியின் நிழல் காலையில் அதுவரை.
ஒரு கைக்குட்டை அளவு நிழல் போதும்,
ஒரு பலகை முழுதும் சோர்ந்துவிட.

வேண்டுமென்றே
தன் வீட்டுக் கூரையில் ஓட்டை போடுகிறவர்கள்
எத்தனை பேர் இருப்பார்கள்?
எனக்குப் பதினாறு ஓட்டை.
முதலாவதுக்கு முன் டிரில்லைப் பிடித்தபடி
சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
அப்புறம் அழுத்தினேன்.
வெள்ளைப் பெயின்ட்டுக்கு அடியிலிருந்து
சுருள் சுருளாய் மஞ்சள் வந்தது.
பரமக்குடியில் பதினோரு வருடம்
பிள்ளைகளை ஏற்றிய வண்டி.
எங்கள் கட்டிலுக்கு மேலே இன்னும்
"நித்யா லூசு" என்று
காம்பஸ் முனைக் கீறல் இருக்கிறது.
அழிக்க மனம் வரவில்லை.

பசை கொண்டுவந்தாள் டெல்சியா,
பைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப் போடுகிறவள்.
நான் வாங்கிய போல்ட்டை உருட்டிப் பார்த்து
"ஒரு மாசம். அப்புறம் துருவா அழும்" என்றாள்.
தன் டப்பாவிலிருந்து எஸ்.எஸ். போல்ட்
பதினாறு எண்ணித் தந்தாள்.
பசைக்குக் காசு வேண்டாமென்றவள்
போல்ட்டுக்குச் சில்லறை வரை வாங்கிக்கொண்டாள்.
"வள்ளத்துக்கு ஓட்டை கீழ. ஒங்களுக்கு மேல.
தண்ணிக்கு ரெண்டு எடத்துலயும் ஒரே புத்திதான்."
பலகைக்கும் கூரைக்கும் நடுவே
இரண்டு விரல் இடம் விடச் சொன்னாள்.
கச்சான் காற்றுக்கு வழி விட்டால் போய்விடும்,
மறித்தால் தூக்கும்.

இனி வயர்.
சின்னதையும் பெரியதையும் தொடராகக் கட்டினால்
மெலிந்தது விடுகிற அளவுதான் எல்லாமே விடும்.
இணையாகக் கட்டினால்
அதது தன்னால் ஆனதைத் தரும்.
இணை என்ற சொல்லைக்
கல்யாணப் பத்திரிகையில் மட்டுமே படித்தவர்
கீழிருந்து கேட்டார்:
"நம்மள்ல எது நூறு, எது நூத்தறுவது?"
ஸ்பானர் கேட்டேன்.
நீட்டினார்.

மறுநாள் உச்சியில்
மீட்டர் இருபத்தேழு ஆம்பியர் காட்டியது.
அவர் தேங்காய் உடைத்தார்.
பொட்டுக்கடலை, மிளகாய், உப்பு.
ஜாடியை மூடும்போது மீட்டர் இருபதுக்கு இறங்கியது.
மேலே காகம்,
நாலாவது பலகையின் நட்டநடுவில்,
வாடகை கொடுத்தது மாதிரி.

கத்தினார். தட்டைத் தட்டினார்.
அப்புறம், நான் ஏணியைப் பிடிக்கும் முன்பே,
மேலே போயிருந்தார்.

காகம் பறந்தது.
மீட்டர் ஏறவில்லை.
பத்தொன்பது.
அது அவர் நிழல்.
இறங்கத் தெரியாமல்
பலகையின் ஓரத்தில் குந்தியிருந்தார்,
ஒரு கை போல்ட்டைப் பிடித்தபடி.

மிக்ஸியைப் போட்டேன்.
மூன்று நிமிடம். இன்வெர்ட்டர் மூச்சுவிடவில்லை.
கரையில் படுத்திருந்த நாய் மட்டும்
எழுந்து தள்ளிப் படுத்தது.

"அரைஞ்சிருச்சு, எறங்குங்க."

"இரு" என்றார்.
"இங்கேருந்து ரெண்டும் தெரியுது.
இந்தப் பக்கம் பெண்கடல். அந்தா ஆண்கடல்."

பத்தொன்பதே இருக்கட்டும் என்று
தாளிக்க எண்ணெய் வைத்தேன்.